பீரோவில் இருக்கும் கல்யாண சிடி

பொன்னமராவதிப் பக்கம் 2000-க்குப் பிறகு ஒரு கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ அறுபதாம் கல்யாணமோ நடந்த வீட்டில், பீரோவின் ஒரே தட்டில் மூன்று பொருள்கள் சேர்ந்து கிடப்பது வழக்கம்: மொய் நோட்டு, போட்டோ ஆல்பம், சிடி. மொய் நோட்டை இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். வாங்கிய செய்முறையைத் திருப்பிச் செய்தாக வேண்டுமே. ஆல்பம் விருந்தாளி வந்தால் வெளியே வருகிறது. சிடியை மட்டும் யாரும் தொடுவதில்லை. மறைந்துபோன அப்பத்தாவின் குரலும் நடையும் இருப்பது அந்த மூன்றில் அதனுள் மட்டும்தான். முதலில் அழியப்போவதும் அதுதான். டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்க எரித்துக் கொடுத்த டிஸ்க், பார்ப்பதற்கு நல்ல சாதனம், பாதுகாப்பதற்கு மிகப் பலவீனமான சாதனம் என்பதே என் வாதம். பார்க்க வேண்டுமென்றால் அதை முறையாக எரிக்க வேண்டும். பாதுகாக்க வேண்டுமென்றால் அதிலிருந்து உடனே பிரதி எடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எரித்த நாளில் செய்த தவறுதான் பதினைந்து ஆண்டு கழித்துப் பிரதி எடுக்கும்போது தடையாக வந்து நிற்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் விற்ற சினிமா டிவிடியும் ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறு பொருள்கள். சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி வார்க்கப்படுவது. அதன் தகவல் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கிறது. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எரிக்கும் டிஸ்க்கில் அப்படிப் பள்ளம் எதுவும் விழுவதில்லை. அதனுள் ஒரு சாயப்படலம் இருக்கிறது. எழுதும் லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு நிறம் மாற்றுகிறது; படிக்கும் லேசர் சுட்ட இடத்தையும் சுடாத இடத்தையும் பிரித்தறிகிறது. ‘எரித்தல்’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. சாயம் என்றாலே வெயிலுக்கும் வெக்கைக்கும் ஈரத்துக்கும் மங்கக்கூடியது என்பதைத் துணி துவைக்கிற எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிவிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட தடங்கள். அத்தனை நெருக்கத்தில் சாயம் இலேசாக மங்கினாலும் படிப்பது கடினமாகிறது. சிறு பிழைகளைத் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கில் உண்டு. அதனால் பல ஆண்டுகள் எந்தக் குறையும் வெளியே தெரியாது. தாங்கும் எல்லையைத் தாண்டிய பிறகு ஒருநாள் படம் கட்டம் கட்டமாக உடையும், முகூர்த்தத்தில் வந்து நின்றுவிடும், கடைசியில் ‘நோ டிஸ்க்’ என்று வரும். மெல்ல மெல்ல மங்கி நமக்கு எச்சரிக்கை தரும் பழைய கேசட்டின் குணம் இதற்குக் கிடையாது.

இந்தச் சாயத்தட்டு நம் வீடுகளுக்குள் இத்தனை எண்ணிக்கையில் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1980-களில் கல்யாணங்களைப் பிடித்தது விஎச்எஸ் கேசட். 1993-இல் தரப்படுத்தப்பட்ட விசிடி, சாதாரண சிடியிலேயே 74 நிமிடப் படத்தைக் கொடுத்தது. படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள்தான் என்பதால் முகம் தெரியும், நகையின் வேலைப்பாடு தெரியாது. 1996 இறுதியில் ஜப்பானில் வெளியான டிவிடி அந்தக் குறையைப் போக்கியது. தமிழ்நாட்டில் 2006 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, கூரை வீட்டிலும் 14 அங்குல டிவி வந்தது. மலிவு விலை டிவிடி பிளேயரும் அதனோடு போய்ச் சேர்ந்தது. அதே சமயம் நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனம் படங்களை விசிடியில் 28 ரூபாய்க்கும் டிவிடியில் 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. எழுதும் வெற்று டிஸ்க் தயாரிப்பில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது அது. 2008-இல் ‘பூ’, ‘வெள்ளித்திரை’ போன்ற தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் அதன் பெயர் இருந்தது. கல்யாணம் மட்டுமா? கோயில் திருவிழாவையும் மஞ்சுவிரட்டையும் வீடியோ எடுத்து, சிடி போட்டு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிய காலம் அது. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், கொன்னையூர் முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவையே டிவியில் பார்த்துக் கும்பிட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

அப்படி அனுப்பிய டிஸ்க் அங்கே ஓடாமல் போனால் பழி பிளேயர் மேல் விழும். பெரும்பாலும் குற்றம் எரித்த முறையில் இருக்கும். வீடியோ கோப்பை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டு எழுதினால் கிடைப்பது டேட்டா டிஸ்க். அது கணினியில் ஓடும், ஏனென்றால் கணினியில் எல்லா வகைக் கோப்பையும் திறக்கும் மென்பொருள் இருக்கிறது. வீட்டு டிவிடி பிளேயர் அப்படிப்பட்டதல்ல. அது அடிப்படையில் ஒரே ஒரு மொழி தெரிந்த கருவி: எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம், நம் நாட்டு டிவிகளின் ‘பால்’ (PAL) முறையில் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம். அந்தப் படமும் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற பெயருள்ள கோப்புறைக்குள், 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாக வெட்டப்பட்டு, எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளோடு இருக்க வேண்டும். இப்படி மாற்றி அடுக்கும் வேலைக்கு ஆதரிங் என்று பெயர். டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச மென்பொருள்களே இதைச் செய்துவிடும். விண்டோஸ் விஸ்டாவிலும் 7-இலும் இதற்கென ஒரு மென்பொருள் கூடவே வந்தது. 8-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பலரும் வெறும் கோப்பை எரித்துவிட்டு ‘பிளேயர் எடுக்கவில்லை’ என்று சொல்வது கூடியதில் வியப்பில்லை. யுஎஸ்பி துளையுள்ள பிந்தைய பிளேயர்கள் சில வகைக் கோப்புகளை நேரடியாக ஓட்டும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய செல்போன் எடுக்கும் வீடியோவின் சுருக்க முறை அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது.

முறையாக அடுக்கினாலும் நான்கு இடங்களில் கை தவறும். முதலாவது பேராசை. ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி கொள்ளும். இரண்டு மணி நேரப் படத்துக்கு அதைப் பங்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும். அது நல்ல தரம். பரிசம், முகூர்த்தக்கால், பெண்ணழைப்பு, முகூர்த்தம், மறுவீடு என ஐந்து மணி நேரத்தை ஒரே டிஸ்க்கில் திணித்தால் 2 மெகாபிட்தான் மிஞ்சும். பட்டுப்புடவையின் சரிகை சேறு மாதிரி கலங்கிப்போகும். இரண்டு மூன்று டிஸ்க்காகப் பிரித்துக் கேட்பதே சரி. இரண்டாவது, எழுதி முடித்தபின் ஃபைனலைஸ் செய்யாமல் விடுவது. கடிதம் எழுதி உறையை ஒட்டாமல் விடுவதைப் போன்றது இது. எழுதிய கருவிக்கு மட்டும் புரியும், மற்ற பிளேயர் எதுவும் ஏற்காது. மூன்றாவது, அழித்து அழித்து எழுதலாம் என்று ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பது. அது லேசர் ஒளியில் 18 முதல் 30 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண ஆர் டிஸ்க் 45 சதவீதத்துக்கு மேல் திருப்பும். பழைய பிளேயரின் கண்ணுக்கு ஆர்டபிள்யூ இருட்டாகத் தெரிவதில் அதிசயம் இல்லை.

நான்காவது வேகம், இதைப் பற்றி இரு தரப்பிலும் தவறான நம்பிக்கை உண்டு. டிவிடியில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 1.385 எம்பி. 16 மடங்கில் ஐந்தாறு நிமிடத்தில் முடியும் டிஸ்க், 8 மடங்கில் எட்டு ஒன்பது நிமிடமும் 4 மடங்கில் ஏறத்தாழ கால் மணி நேரமும் எடுக்கும். முகூர்த்த சீசனில் பத்துப் பிரதி கேட்டு வீட்டுக்காரர் நிற்கும்போது ஸ்டூடியோக்காரர் முழு வேகத்தில் ஓட்டுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மலிவு டிஸ்க்கில் முழு வேகம் என்றால் எழுதும்போதே பிழைகள் கூடுகின்றன. சாயம் மங்கும் முன்பே பிழை தாங்கும் சக்தியில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. அதற்காக மிக மெதுவாக எரித்தால் மிக நல்லது என்பதும் பொருந்தாது. 16 மடங்குக்கென்று சாயம் கலந்த டிஸ்க்கை மிகக் குறைந்த வேகத்தில் சுட்டால் அதுவும் ஒழுங்காகப் பதியாது. நடு வேகமே உகந்தது. எரித்து முடித்ததும் ‘வெரிஃபை’ கொடுத்து ஒருமுறை முழுதும் படிக்க வைத்துப் பார்ப்பதே, வேகத்தைப் பற்றிய எல்லா வாதத்தையும் விடப் பெரிய காப்பு.

மாப்பிள்ளை பெண் படம் அச்சடித்த ஸ்டிக்கரை டிஸ்க்கின் மேல் ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003-இல் வெளியிட்ட டிஸ்க் பராமரிப்புக் கையேடு, ஒட்டும் லேபிளைத் தவிர்க்கச் சொல்கிறது. அச்சு விலகிய ஸ்டிக்கர் சுழலும்போது நடுக்கத்தை உண்டாக்கும். வெயிலில் சுருங்கும்போது தட்டையே வளைக்கும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் ஆகாது. டிஸ்க்கை நட்டமாக, அதற்குரிய டப்பாவில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். ஆல்பத்தின் பின் அட்டைப் பையில் செருகி, கோடை முழுக்கச் சூடேறும் காங்கிரீட் கூரைக்கடியில் பரணில் போட்டுவைப்பது இந்த எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த டிஸ்க் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதைக் காப்புப் பெட்டகமாக நம்ப முடியாததற்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, டிவிடிக்குள் போவதற்கு முன்பே படம் சுருங்கிவிடுகிறது. இன்றைய கேமராவின் சாதாரண எச்டி சட்டகம் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். டிவிடியின் சட்டகத்தில் இருப்பது 4 லட்சத்து 15 ஆயிரம். சரியாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு ஸ்டூடியோவின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது; அடுத்த சீசனுக்கு இடம் வேண்டுமென்று அது அழிக்கப்படும்போது உலகத்திலிருந்தே போய்விடுகிறது. இன்னொன்று, டிஸ்க் உயிரோடு இருந்தாலும் ஓட்டும் கருவி முதலில் செத்துவிடலாம். விஎச்எஸ் பிளேயர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. அன்று முதல் நல்ல நிலையில் உள்ள கேசட்டும் பழைய கருவிகளின் தயவில்தான் வாழ்கிறது. மோசர் பேயரைக் கலைக்க 2018 செப்டம்பரில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எழுதும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. புதிய மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் இல்லை; புதிய டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகும் துளைகளும் இல்லை. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வருகின்றன.

பொருளைப் பத்திரப்படுத்துவதற்கும் அதில் எழுதியதைப் பத்திரப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு தமிழர்க்குப் புதிதல்ல. சங்கப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி நம்மிடம் வந்திருக்கின்றன, ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஓலை சில நூற்றாண்டில் இற்றுப்போகும் என்று தெரிந்த யாரோ, ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். எழுதாமல் விட்ட இடத்தில் நூலே அழிந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்கு, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவே விடை கிடைத்தது. ஏட்டைப் போற்றத் தெரிந்தவர்கள்தான் அப்படிச் செய்தார்கள்; பெயர்த்தெழுத மட்டும் மறந்துவிட்டார்கள். பொன்னமராவதிக்கு அக்கம்பக்கத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்கள், அவர் 1992-இல் மறைந்தபின் சென்னையில் 1994-இல் நூலகமாக நிலைபெற்றன. அங்கே பக்கங்களை மைக்ரோஃபிலிமில் படம்பிடித்ததால்தான் நைந்த தாளின் எழுத்து இன்று வாசிக்கக் கிடைக்கிறது. கல்யாண சிடிக்கும் தேவைப்படுவது அதே பெயர்த்தெழுதல்தான், அதுவும் நூற்றாண்டுக்கு ஒருமுறை அல்ல, பத்தாண்டுக்குள் ஒருமுறை.

‘பிரதிக்குப் பிரதி எடுத்தால் தரம் குறையுமே’ என்று கேட்பார்கள். கேசட் காலத்தில் அது முழு உண்மை. டிஜிட்டலில் எண்ணுக்கு எண் பிரதி எடுத்தால் பத்தாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றே. தரம் குறைவது, பிரதி எடுக்கும்போது ‘எம்பி4 ஆக மாற்றித் தருகிறேன்’ என்று மறுபடி சுருக்கினால்தான். ஆகவே டிஸ்க்கை முழுதுமாக ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து முதலில் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் பார்க்க எம்பி4 வேண்டுமென்றால் அதிலிருந்து தனியாகச் செய்துகொள்ளலாம். படிக்கத் தடுமாறும் டிஸ்க்கையும் உடனே குப்பையில் போட வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பதுண்டு. டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள், நல்ல பகுதியை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதியைத் திரும்பத் திரும்ப முயலும். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிப் பார்க்கலாம். மங்கிய சாயத்துக்கு மட்டும் மருந்து கிடையாது.

‘இந்தக் காலத்தில் டிஸ்க் எதற்கு, பென்டிரைவில் கொடுத்தால் போதாதா, யூடியூபில் ஏற்றினால் போதாதா’ என்பது இன்னும் வலுவான மறுப்பு. பென்டிரைவ் எடுத்துச் செல்ல எளிது. அதே எளிமையால் பாட்டு ஏற்றவும் அலுவலகக் கோப்பு கொண்டுபோகவும் எடுத்து, உள்ளிருந்ததை அழித்துவிடுவார்கள். ஒருமுறை எழுதிய ஆர் டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது, வைரஸும் தொட முடியாது. இந்த ஒரு சிறப்பு அதற்கு உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோ வழியிலேயே நசுங்கிவிடுகிறது. யூடியூபில் ஏற்றுவதில் வேறு சிக்கல்: நம் கல்யாண வீடியோக்களில் தாலி கட்டுவது முதல் பந்தி வரை சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டின் உரிமை இசை நிறுவனத்திடம் இருப்பதால், தானியங்கிச் சோதனையில் ஒலி நிறுத்தப்படலாம், வீடியோவே தடுக்கப்படலாம். படத்தின் உரிமையைப் பொறுத்தவரை சட்டம் வீட்டுக்காரர் பக்கமே நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒரிஜினல் கோப்புகளைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளலாம். திருட்டு விசிடியால் ‘சிடி காப்பி போடுவது’ என்றாலே குற்றம் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. 2004-இல் குண்டர் சட்டத்துக்குள்ளேயே வீடியோ திருடர்களைக் கொண்டுவந்த மாநிலம் இது. அந்தச் சட்டம் அடுத்தவர் படத்தைக் களவாடி விற்பவருக்கானது. சொந்த வீட்டு விசேஷத்தைப் பிரதி எடுப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அப்படியானால் இனி டிஸ்க்கே எரிக்க வேண்டாமா என்றால், எரிக்கலாம், யாருக்காக என்று தெரிந்து எரிக்க வேண்டும். செல்போன் திரையில் கண் எட்டாத, பாஸ்வேர்டு நினைவில் நிற்காத, ஆனால் தட்டைச் செருகிப் பொத்தானை அழுத்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்து, ஓடுகிற பிளேயரும் இருந்தால், அவருக்கு டிவிடியைப் போல் உகந்தது இன்றும் வேறில்லை. அவருக்காக இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், ஆர் டிஸ்க்கில், நடு வேகத்தில், ஃபைனலைஸ் செய்து எரித்துக் கொடுங்கள். அது தேய்ந்தால் இன்னொன்று எரித்துக்கொள்ளலாம், மூலக் கோப்பு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் வரை.

1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நிரம்பிய டிவிடிகள் இருநூறுக்கு மேல் அடங்கும். ஒரு வீட்டுக்கு அது மிகுதி, ஒரு தெருவுக்கே போதும். பங்காளிகள் நாலு வீடு சேர்ந்து இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை ஊரிலும் மற்றொன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் வைக்கலாம். யுஎஸ்பி டிவிடி டிரைவ் இன்னும் கடையில் கிடைக்கிறது. நல்ல டிஸ்க் ஒன்றைப் பிரதி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அடுத்த விசேஷத்துக்கு ஊரில் எல்லோரும் கூடும்போது, பீரோவைத் திறந்து அந்தச் சிடிகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓடுகிறதை அன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.